முப்பதாயிரம் வோல்ட்டும் முந்நூற்றிருபது வோல்ட்டும்

வரைபடத்தை விரித்து, சிவசமுத்திரம் அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு போட்டால், அது ஓசூர் நகரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தெற்கே ஓடும். அந்தக் கோட்டின் நீளம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். 1902 ஜூன் 30 அன்று காவிரியின் மின்சாரம் தங்கச் சுரங்கத்துக்குப் பாயத் தொடங்கிய கம்பியின் நீளம் 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர். வெறும் எட்டு கிலோமீட்டர்தான் கூடுதல். ஆகவே அந்தக் கம்பி நேர்கோட்டை விட்டு வெகுவாக விலகியிருக்க வழியில்லை. ஓசூரின் அக்கம்பக்கத்தைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். ஆனால் ஓசூரில் ஒரு விளக்குகூட அதனால் எரியவில்லை. ஓசூரின் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1970களின் சிப்காட் தொழிற்பேட்டையில் தொடங்குவது வழக்கம். பக்கத்திலேயே போய்விட்ட அந்தக் கம்பியில் தொடங்குவதுதான் பொருத்தம் என்பது என் கருத்து. ஓர் ஊருக்கும் மின்சாரத்துக்கும் உள்ள தூரத்தைக் கிலோமீட்டர் சொல்வதில்லை. எத்தனை வோல்ட்டில் மின்சாரம் அந்த ஊரின் வாசலுக்கு வருகிறது, அதை இறக்கிக்கொள்ளும் அளவுக்கு அங்கே சுமை திரண்டிருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் சொல்கின்றன. தமிழ்நாடு–கர்நாடக எல்லையிலுள்ள இந்தப் பகுதியின் நூற்றிருபது ஆண்டுகளை அந்த இரண்டு கேள்விகளை வைத்தே படிக்க முடியும்.

கணக்கு மிகச் சிறியது, பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுப்பது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். முதலாவதை ஜெர்மானியரான கியோர்க் ஓம் 1827இல் வெளியிட்டார். ஹென்றி கேவண்டிஷ் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதைக் கண்டும் அச்சிடாமல் விட்டுவிட்டார். மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைத் தேடியெடுத்து 1879இல் வெளியிட்டபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மூன்றாவது விதி ஜேம்ஸ் ஜூல் 1841இல் சொன்னது: கம்பியில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் மின்தடையையும் பெருக்கினால் வருவது. இந்த இருமடியில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே திறனை இரண்டு மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பாதியாகும், இழப்பு கால்வாசியாகும். பத்து மடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் இழப்பு நூறில் ஒன்று. தூரத்தை வெல்ல வேண்டுமானால் தடித்த செம்பை வாங்கிக் குவிக்கலாம், அல்லது அழுத்தத்தை உயர்த்தலாம். முதல் வழியில் செலவு மலைபோல ஏறும். இரண்டாவது வழிக்கு ஒரு மின்மாற்றியும் நல்ல பீங்கான் காப்பான்களும் போதும்.

சிவசமுத்திரத்தில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்தது என்று போட்டுப் பார்க்கலாம். தங்கவயலுக்கு முதலில் அனுப்பிய திறன் ஏறக்குறைய 4,000 குதிரைத்திறன், அதாவது 3 மெகாவாட். அழுத்தம் முப்பதாயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும். முப்பதாயிரம் என்றே வைத்துக்கொண்டால், மூன்று கம்பிகளில் ஒவ்வொன்றிலும் ஓடுவது 58 ஆம்பியர்தான். இன்றைய ஒரு வீட்டு மீட்டர் தாங்கும் அளவைவிட அது பெரிதாக ஒன்றும் கூடியதில்லை. கம்பியின் குறுக்குவெட்டு 50 சதுர மில்லிமீட்டர் செம்பு என்று ஒரு கணக்குக்காக எடுத்துக்கொண்டால், 148 கிலோமீட்டருக்கு மின்தடை சுமார் 51 ஓம். வழியில் ஒரு கம்பியில் விழும் அழுத்தம் மூவாயிரம் வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. மொத்த இழப்பு ஆறில் ஒரு பங்கு. இரண்டு வரிசைக் கம்பிகளைப் போட்டுவிட்டால் அதுவும் பாதியாகும். இதே 3 மெகாவாட்டை 400 வோல்ட்டில் அனுப்ப முயன்றால் மின்னோட்டம் 4,300 ஆம்பியரைத் தாண்டும். அதே கம்பியில் அதை ஓட்டுவதற்கு மட்டும் இரண்டு லட்சத்து இருபதாயிரம் வோல்ட் வேண்டும். நம்மிடம் இருப்பதோ 400. அந்தப் பாதையில் எவ்வளவு தண்ணீர் விழுந்தாலும் சுரங்கத்தில் ஒரு பல்புகூட எரியாது. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரும், திட்டத்தை வகுத்த மேஜர் ஜோலி டி லாட்பினியரும், கருவிகளைத் தந்த அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும் இந்த எண்களின் மீதுதான் பணத்தைப் போட்டார்கள். சேஷாத்ரி ஐயர் 1901 செப்டம்பரில் காலமானார். கம்பியில் மின்சாரம் ஓடுவதை அவர் பார்க்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

அன்றைய உலகில் மிக நீளமான மின்பாதை இதுவே என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியல்ல. கலிபோர்னியாவில் கோல்கேட்டிலிருந்து ஓக்லாந்துக்குப் போன 142 மைல் பாதை 1901இலேயே வேலை செய்தது. ஜெர்மனியில் லாஃபனிலிருந்து ஃபிராங்ஃபர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் 1891இலேயே ஒரு கண்காட்சிக்காக மின்சாரம் போனது. சிவசமுத்திரத்தின் பெருமை நீளத்தில் இல்லை. கண்காட்சியாக அல்லாமல், ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஒரு சுரங்கத்தை நம்பி ஓடவிடும் அளவுக்கு, வெப்ப நாட்டில், மின்னலும் மழையும் அடிக்கும் காட்டு வழியில் அதைச் செய்து காட்டியதில் இருக்கிறது. அந்தப் பெருமை போதும். இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

அப்படியானால் வழியில் இருந்த ஊர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? ஓசூர் அன்று சேலம் மாவட்டம், சென்னை மாகாணம். மின்சாரம் மைசூர் சமஸ்தானத்துடையது. எல்லை தடுத்தது என்று சொல்லலாம். எல்லை ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது முதற்காரணமாக இருந்தால், கம்பிக்கு நேர் அடியில் இருந்த மைசூர் கிராமங்களுக்காவது மின்சாரம் கிடைத்திருக்க வேண்டும். அவற்றுக்கும் கிடைக்கவில்லை. முப்பதாயிரம் வோல்ட்டை ஓர் ஊரில் இறக்க வேண்டுமானால் மின்மாற்றி, சுவிட்ச், காப்பு, ஆள் எல்லாம் வேண்டும். ஐம்பது வீட்டு விளக்குகளுக்காக அந்தச் செலவைச் செய்ய எந்தக் கணக்கும் இடம் தராது. சுரங்கம் மட்டும், குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போட்டு, முழுத் திறனையும் ஒரே இடத்தில் வாங்கிக்கொண்டது. ஜான் டெய்லர் கம்பெனியின் சுரங்கங்களுக்கு அதுவரை விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியில் ஓடிய செலவு தலைமேல் இருந்தது. வாங்கத் துடித்த ஒரே வாடிக்கையாளர், ஒரே இடம், பெரிய சுமை. அடுத்து 1905 ஆகஸ்டில் பெங்களூருக்குக் கொடுத்தார்கள், அங்கேயும் சுமை திரண்டிருந்தது. உயர் அழுத்தம் தூரத்தை அழித்தது. ஆனால் யாருக்காக அழித்தது என்றால், சுமையைத் திரட்டி வைத்திருந்தவர்களுக்காக.

சிவசமுத்திரத்தில் விழுந்து, சக்கரங்களைச் சுற்றிவிட்டு இறங்கும் அதே காவிரி, பிலிகுண்டுலுவில் இன்றைய கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தொட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. ஒகேனக்கலைக் கடந்து மேட்டூருக்குப் போகிறது. அங்கே 1934இல் அணை முடிந்து, 1937இல் அணை மின்நிலையம் தொடங்கியது. நான்கு எந்திரங்கள், மொத்தம் 40 மெகாவாட். சென்னை மாகாண மின்துறையின் முதல் தலைமைப் பொறியாளர் ஹென்றி ஹோவர்டின் காலத்தில் பைக்காராவில் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி அது. மேட்டூர் மின்சாரம் சேலத்துக்கும், ஆற்காட்டு மாவட்டங்களுக்கும், திருச்சி தஞ்சைக்கும் போனது. இந்த வட மூலைக்கு உயர் அழுத்தக் கம்பிகள் அடர்த்தியாக வரவேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை. கேழ்வரகும் மாந்தோப்பும் கிணற்றுப் பாசனமும் சிதறிக் கிடந்த பகுதி. சுமை எங்கும் திரளவில்லை.

திரட்டியது சிப்காட். 1971இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் அதே பத்தாண்டில் ஓசூரில் நிலம் எடுத்து மனை பிரித்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட்டும், சில ஆண்டுகளில் டைட்டன் கடிகாரமும் வந்தன; அவற்றைச் சுற்றி லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் முளைத்தன. நிலம், சாலை, தண்ணீர் என்று சிப்காட் கொடுத்தவற்றைப் பட்டியலிடுகிறவர்கள் மின்சாரத்தை நான்காவதாகச் சேர்த்துவிட்டு நகர்கிறார்கள். தொழிற்பேட்டையின் மையமான செயலே மின்சாரக் கணக்கில்தான் இருக்கிறது. சிதறிக் கிடந்தால் எவரும் தனியாக உயர் அழுத்தக் கம்பியைத் தம் வாசலுக்கு இழுத்துக்கொள்ள முடியாத நூறு ஆலைகளை ஒரே மைதானத்தில் நிறுத்தி, 1902இல் தங்கச் சுரங்கம் இருந்த நிலைக்கு அவற்றை அது ஒன்றாகக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் நெடுங்காலம் 112 கிலோவாட், அதாவது 150 குதிரைத்திறன், தாண்டினால் எல்.டி. என்ற தாழ் அழுத்த இணைப்பு கிடையாது, எச்.டி. என்ற உயர் அழுத்த இணைப்பை வாங்க வேண்டியிருந்தது. ஆலைக்காரர்களுக்கு இது ஒரு சுமையாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் 11,000 வோல்ட்டில் கம்பி வாசலுக்கு வருவதுதான் அவர்களுடைய எந்திரங்கள் ஒரே அழுத்தத்தில் நிலையாக ஓடுவதற்குக் காரணம்.

இந்த இடத்தில் மின்பொறியாளர் ஒருவர் குறுக்கிடுவார்: வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன் வந்துவிடும் என்பது நேர்மின்னோட்டத்துக்குத்தான் சரி, ஆலைகளில் ஓடுவது மாறுமின்னோட்டம், மோட்டார்களில் பவர் ஃபேக்டர் (வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கியதில் பயனுள்ள வேலையாகும் பங்கு) என்ற ஒன்று இருக்கிறதே என்பார். அவர் சொல்வது உண்மை. ஆனால் அந்த உண்மை என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. எச்.டி. பில்லில் டிமாண்ட் கட்டணம் கிலோவாட்டில் போடப்படுவதில்லை, கே.வி.ஏ.யில், அதாவது வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கிய அந்த எளிய எண்ணிலேயே போடப்படுகிறது. காரணம், மோட்டார் பயனுள்ள வேலையைச் செய்தாலும் செய்யாவிட்டாலும், கம்பியில் ஓடும் ஆம்பியர் கம்பியைச் சூடாக்கத்தான் செய்யும். மின்வாரியம் அந்த ஆம்பியருக்குத்தான் செம்பும் அலுமினியமும் வாங்க வேண்டும். பவர் ஃபேக்டர் 0.90க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம். அதற்குப் பயந்துதான் ஓசூர்ப் பட்டறைகளில் பவர் ஃபேக்டரை உயர்த்தும் கெபாசிட்டர் பேனல் ஒரு மூலையில் நிற்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிடப் பலமானது. ஓசூர் வளர்ந்ததற்குக் காரணம் பெங்களூர் நாற்பது கிலோமீட்டரில் இருப்பது, கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காற்று, பின்தங்கிய பகுதிக்கான மானியம், தேசிய நெடுஞ்சாலை. மின்சாரம் தொழிற்சாலையைத் தேடி வந்தது, தொழிற்சாலை மின்சாரத்தைத் தேடி வரவில்லை என்பார்கள். பெங்களூரின் அருகாமையை மறுக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் பொம்மசந்திராவும் அதே காரணத்தால்தான் வளர்ந்தது. ஆனால் மின்சாரம் தொழிற்சாலையைத் தேடி வந்தது என்பதை நான் முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். அது சுமையைத் தேடித்தான் போகும். மானியம் பின்தங்கிய மாவட்டங்கள் பலவற்றுக்குக் கிடைத்தது. சுமை திரளாத இடங்களில் அது சில கட்டடங்களை எழுப்பியதோடு நின்றது. 2008இல் எச்.டி. நுகர்வோருக்கு 40 சதவீத வெட்டு வந்தபோது ஓசூர் ஆலைகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டிச் சமாளித்தன, ஊரை விட்டுப் போகவில்லை, ஆகவே மின்சாரம் அவ்வளவு முக்கியமில்லை என்றும் வாதிடலாம். டீசலில் மின்சாரம் எடுப்பது வாரியத்திடம் வாங்குவதைவிட மிக அதிக விலை. பெரிய ஆலைகள் அதைத் தாங்கின. ஒற்றை லேத் வைத்திருந்தவர்கள் தாங்க முடியாமல் ஷிஃப்டைக் குறைத்து, ஆட்களை அனுப்பிவிட்டு, ஆர்டரை இழந்தார்கள். முக்கியமில்லாத ஒன்றுக்கு எவரும் அந்த விலை கொடுக்கமாட்டார்கள்.

அந்த நெருக்கடிக்குச் சற்று முன்பே, 1902இன் கணக்கு இந்தப் பகுதிக்குப் பேருருவில் திரும்பியிருந்தது. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கோலாருக்கு, ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர், நேர்மின்னோட்டப் பாதை 2003இல் இயங்கத் தொடங்கியது. ஒரு கம்பித் தொகுதியில் கூட்டல் 5,00,000 வோல்ட், மறு தொகுதியில் கழித்தல் 5,00,000 வோல்ட். திறன் 2,000 மெகாவாட். இங்கே பவர் ஃபேக்டர் என்ற சிக்கலே இல்லை. பத்து லட்சம் வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம் 2,000 ஆம்பியர், பள்ளிப் பிள்ளை மனக்கணக்காகச் சொல்லிவிடும். 1902இன் 58 ஆம்பியரோடு ஒப்பிட்டால் மின்னோட்டம் 35 மடங்குதான் கூடியிருக்கிறது. திறனோ 660 மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. கோலாரில் அது மாறுமின்னோட்டமாக மாறியதும், அங்கிருந்து புறப்பட்ட 4,00,000 வோல்ட் பாதைகளில் ஒன்று ஓசூருக்கு வந்தது. நூறாண்டுக்கு முன் ஓசூரைக் கடந்து கோலாருக்குப் போன மின்சாரம், இப்போது கோலாரிலிருந்து ஓசூருக்கு வருகிறது. இடையில் மாறியது சுமை. ஓசூரில் அது மலைபோலத் திரண்டுவிட்டது. தங்கவயலிலோ 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டு, சயனைடு மண்மேடுகளும் வேலையிழந்த தமிழ்க் குடும்பங்களும் மிஞ்சின. மின்சாரம் முதலில் வந்த இடம் தங்கவயல்தானே, அது ஏன் ஓசூர் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அங்கே திரண்டது ஒரே முதலாளியின் ஒரே சுமை. பாறையிலிருந்து தங்கம் எடுப்பது கட்டுப்படியாகாமல் போனதும் அந்தச் சுமையும் தீர்ந்தது. அதை ஈடுகட்டும் அளவுக்குப் பக்கத்தில் வேறு தொழில்கள் வளர்ந்திருக்கவில்லை.

ஆனால் இந்தக் கணக்கின் மறுமுனை இதே கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு பாதிதான். 4,00,000 வோல்ட் துணைமின் நிலையம் இருக்கும் மாவட்டத்தில், போச்சம்பள்ளிப் பக்கமோ தேன்கனிக்கோட்டைப் பக்கமோ ஒரு மின்மாற்றியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, எல்.டி. கம்பியின் கடைக்கோடியில் எட்டுக் கிணறுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து குதிரைத்திறன் மோட்டார், தலைக்கு ஏழரை ஆம்பியர், மொத்தம் 60 ஆம்பியர். கம்பி வீசல் என்ற வகை, கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம். பெருக்கினால் வழியில் விழுவது 54 வோல்ட். ஒரு ஃபேஸுக்கு 240 வோல்ட்டாகப் புறப்பட்டது 186ஆகப் போய்ச் சேரும். மூன்று ஃபேஸ் கணக்கில் 415 என்பது 322. கம்பியைச் சூடாக்குவதற்கே போகிறது பத்து கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. எட்டு மோட்டார்களும் சேர்ந்து தண்ணீர் இறைக்கும் திறனோ முப்பதுதான்.

பல்பாக இருந்தால் அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் குறையும், விளக்கு மங்கும், அவ்வளவுதான். மோட்டார் அப்படி நடந்துகொள்ளாது. அதன் தலையில் இருக்கும் தண்ணீர்ச் சுமை குறையவில்லை. அதே வேலையைக் குறைந்த வோல்ட்டில் செய்யக் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஏழரை ஆம்பியர் ஒன்பதே முக்காலாகும். ஜூலின் இருமடியைப் போட்டால் காயிலில் வெப்பம் மூன்றில் இரண்டு பங்கு கூடும். கூடுதல் ஆம்பியர் கம்பியில் இன்னும் வோல்ட்டை விழச்செய்யும், அது மேலும் ஆம்பியரை இழுக்கும். பிறகு மோட்டார் கருகி, ரீவைண்டிங் கடைக்கு வருகிறது. கடைக்காரர் முதலில் மெக்கர் என்ற காப்புத்தடை அளவியைச் சுற்றிக் காயிலுக்கும் பாடிக்கும் இடையே தடை இருக்கிறதா என்று பார்க்கிறார். முள் பூச்சியத்தில் விழுந்தால் பாடி ஷார்ட். அடுத்து மூன்று ஃபேஸ் காயிலின் ஓமையும் தனித்தனியே அளக்கிறார். மூன்றும் ஒத்திருக்க வேண்டும், ஒன்று குறைந்திருந்தால் அதில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. வார்னிஷ் கருகிய வாடையிலேயே அவருக்கு விடை தெரிந்திருக்கும், ஆனாலும் அளக்காமல் பிரிப்பதில்லை. ஜோலி டி லாட்பினியர் 148 கிலோமீட்டருக்குப் போட்ட கணக்கைத்தான் அவர் ஒரு சாண் இரும்புக்குள் போடுகிறார். இதே மாவட்டத்தில் இப்போது தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களிலும் அதே நெருக்கடி வேறு வடிவில் இருக்கிறது: 50 வோல்ட் அளவிலான பேட்டரியிலிருந்து 6 கிலோவாட் எடுத்தால் 120 ஆம்பியர் ஓடும், அதனால்தான் சின்ன வண்டிக்குள் அவ்வளவு தடித்த செம்புக் கம்பி.

உழவருக்குத்தான் மின்சாரம் இலவசமாயிற்றே, லோ வோல்டேஜ் என்று குறைப்படலாமா என்பது நகரத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மோட்டார் இலவசமில்லை, காயில் கட்டும் கூலி இலவசமில்லை, பயிர் வாடிய இழப்புக்கு ஈடு இல்லை. ஆகவே அந்தக் கடைக்கோடி உழவர் விலை கொடுக்கிறார், வாரியத்துக்குக் கொடுக்காமல் ரீவைண்டிங் கடைக்குக் கொடுக்கிறார். பம்புகள் சிதறிக் கிடக்கின்றன, சுமை திரளவில்லை, கணக்கு அப்படி என்று சொல்லிவிடுவதும் பாதி நியாயம்தான். 11,000 வோல்ட் கம்பியையே கிணற்றடிவரை கொண்டுபோய், இரண்டு மூன்று மோட்டாருக்கு ஒரு சிறு மின்மாற்றி வைத்தால், அதே திறனுக்கு மின்னோட்டம் இருபத்தாறில் ஒரு பங்காகும், கம்பியின் இழப்பு எழுநூறில் ஒரு பங்காகும். ஆந்திரத்தில் இதைப் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். செலவு உண்டு, ஆனால் அந்தச் செலவை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் சிக்கல். ஆலையின் எச்.டி. மீட்டர் கே.வி.ஏ.யைத் தொடர்ந்து பதிகிறது. பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டரே கிடையாது. அவற்றின் நுகர்வு மதிப்பீடாகத்தான் எழுதப்படுகிறது, கம்பியில் சூடாகிப் போனதும் பயிருக்குப் பாய்ந்ததும் ஒரே தலைப்பில் கலந்துவிடுகின்றன. வோல்ட்டும் ஆம்பியரும் தெரியாத இடத்தில் தடையையும் இழப்பையும் கணக்கிட முடியாது. ஒவ்வொரு கிராமத்து மின்மாற்றியின் வாயிலும், ஒவ்வொரு கம்பியின் கடைசிக் கம்பத்திலும் ஒரு மீட்டர் வைத்து, அந்த எண்களை அந்த ஊர்க்காரர்களுக்கும் தெரியும்படி எழுதிப்போடுவதுதான் வாரியம் முதலில் செய்ய வேண்டிய வேலை. சிறு மின்மாற்றி எந்தக் கிணற்றுக்கு முதலில் போக வேண்டும் என்பதை அந்த எண்களே காட்டிவிடும்.